நடுவில் தொடங்கி நடுவில் நிற்கும் கதைகளை எப்படிப் படிப்பது?

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். '2000 ஏடி' என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானக் கதை காமிக்ஸ் வார இதழில் சமீபத்திய மூன்று இதழ்களை வாங்கிப் படித்தாராம். ஒவ்வொன்றிலும் ஐந்து கதைகள். அத்தனையும் நடுவில் ஆரம்பித்து நடுவிலேயே நிற்கின்றன. யார் யாரைச் சுடுகிறார்கள், எதற்குச் சுடுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. இதை வாரா வாரம் படிப்பதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்லை முழுத் தொகுப்பு வரும்வரை காத்திருக்கலாமா என்பது கேள்வி.

காத்திருக்க வேண்டாம். ஏன் என்று சொல்ல முதலில் மாயாவியிடம் போக வேண்டும்.

இந்த மாதிரிக் கதையை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள், அது தொடர்கதை என்று தெரியாமலே. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் அவர் புத்தகமாக வந்தவர் இல்லை. 1962ல் தொடங்கிய 'வேலியன்ட்' என்ற வார இதழில் வாரத்துக்குச் சில பக்கங்கள் என்று வந்தவர். நம்மவர்கள் அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் படிக்கிற புத்தகமாகக் கொடுத்தார்கள். நான் பள்ளியில் படித்த காலத்தில் மாயாவியை நினைத்தாலே பாவமாக இருக்கும். சில பக்கங்களுக்கு ஒரு தடவை மனிதர் சாகக் கிடப்பார். கூரை இடிந்து விழும், தண்ணீர் கழுத்துவரை ஏறும், எவனாவது முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நிற்பான். அடுத்த கட்டத்தில் ஏதோ ஒரு சாக்கில் தப்பித்துவிடுவார். திரும்ப நாலு பக்கம். திரும்பச் சாவு. இந்த ஆளுக்கு நேரமே சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன். ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அந்த இடங்களெல்லாம் தையல். லண்டனில் ஒரு பையன் அதே கட்டத்தில் ஏழு நாள் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு அந்த ஏழு நாளை வெட்டி எடுத்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஏழு நாளும் கதையில் ஒரு பகுதிதான். நான் சொல்ல வருவது இவ்வளவே.

என் பாட்டிக்கு இது தெரிந்திருந்தது. செவ்வாய்ப்பேட்டை வீட்டில் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. அது நிறைய வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்ட தொடர்கதைகள். பக்கத்தின் பின்புறத்தில் பாதி ஜோக் இருக்கும், பல்பொடி விளம்பரம் இருக்கும், எவருடையதோ ராசிபலன் இருக்கும். லீவில் நான் அதைத் தொடர்ந்து நாலு மணி நேரம் படித்துவிட்டு "சுமார்தான் பாட்டி" என்றேன். "நீ கிளம்பி ஊர் போய்ச் சேர்ந்துட்ட. நான் நடந்து போனேன்டா" என்றார். பாட்டியின் வாதத்தில் ஓட்டை உண்டு. அதே தொடர்களைக் கிழித்துத் தைத்து வைத்ததும் அவரேதான். ஆனால் இரண்டும் வேறு வேறு வாசிப்பு என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

சரி, இதழுக்கு வருவோம். 2000 ஏடியின் முதல் இதழ் 1977 பிப்ரவரி 26 தேதியிட்டு வந்தது. ஆசிரியர் பாட் மில்ஸ். பெயரைப் பாருங்கள்: 2000 என்பது அன்றைக்கு எட்டாத எதிர்காலம். அதைத் தாண்டியும் பத்திரிகை நடக்கும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். 2000ஆம் ஆண்டில் ரெபெல்லியன் என்ற வீடியோ கேம் நிறுவனம் அதை வாங்கியது, இன்றுவரை அவர்கள்தான் நடத்துகிறார்கள். இதழ் எண் 2400ஐத் தாண்டிவிட்டது. இதழை அவர்கள் இதழ் என்று சொல்வதில்லை, 'ப்ராக்' என்பார்கள்.

பத்திரிகைக்கு ஆசிரியர் பூமிக்காரரே இல்லை என்பது அவர்கள் முதல் நாளிலிருந்து விடாமல் நடத்தும் விளையாட்டு. தார்க் என்ற பச்சை நிற வேற்றுக்கிரகவாசி. பீட்டல்ஜூஸ் நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்திலிருந்து வந்தவர். பீட்டல்ஜூஸ் என்றால் நம்ம திருவாதிரை. அந்த வகையில் மார்கழியில் களி கிண்டுகிற நமக்குத் தூரத்துச் சொந்தம். எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் அவரிடம் வேலை செய்கிற ரோபோக்கள். இது வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார காமிக்ஸில் யார் எழுதினார், யார் வரைந்தார் என்று போடுகிற வழக்கமே இல்லை. 'எழுத்து ரோபோ', 'ஓவிய ரோபோ' என்று சின்னக் கட்டம் போட்டுப் பெயர்களைக் கொண்டுவந்தவர் அங்கே கலைப் பிரிவில் இருந்த கெவின் ஓ'நீல். விளையாட்டு மாதிரி உள்ளே நுழைத்த உரிமை அது.

நீங்கள் செய்த முதல் தப்பு அந்த தார்க்கின் பக்கத்தைத் தாண்டிப் போனது என்று நினைக்கிறேன். அட்டையைத் திருப்பியதும் வரும் பக்கம். ஆசிரியர் கடிதம் மாதிரி இருக்கும், அதனால் எல்லோரும் புரட்டிவிடுவார்கள். அதில்தான் ஒவ்வொரு கதைக்கும் இரண்டு மூன்று வரியில் முன்கதை இருக்கிறது. கதைக்குள்ளே "சென்ற வாரம் என்ன நடந்ததென்றால்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஐந்தாறு பக்கம்தான் இடம், அதில் முன்கதைக்கு ஒரு கட்டம் கொடுத்தாலும் நஷ்டம்.

இரண்டாவது, எல்லாக் கதையும் என்றைக்கோ தொடங்கி என்றைக்கும் ஓடுகிறது என்று எண்ணுவது. அப்படி இல்லை. முதல் பக்கங்களில் வருகிற ஜட்ஜ் ட்ரெட், அதாவது போலீசும் நீதிபதியும் ஒரே ஆளாக இருக்கிற எதிர்கால நகரத்துக் காவலர், அவர் மட்டும்தான் நிரந்தரக் குடித்தனம். மற்ற நாலும் வாடகைக்கு வருகிறவை. பத்துப் பன்னிரண்டு வாரம் இருக்கும், ஒரு பாகம் முடியும், மாதக்கணக்கில் காணாமல் போகும், 'இரண்டாம் புத்தகம்' என்று திரும்பி வரும். வருஷத்தில் சில தடவை மட்டும் பழைய கதைகளையெல்லாம் ஒரே வாரத்தில் முடித்து, அடுத்த இதழில் எல்லாவற்றையும் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குவார்கள். புதியவர்கள் ஏறிக்கொள்ளத்தான் அந்த இதழ். டிசம்பர் கடைசியில் வருகிற 100 பக்கச் சிறப்பிதழ் அப்படி ஏற நல்ல இடம். நீங்கள் ஓடுகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் தடுமாறும்.

நீங்கள் தினம் பார்க்கிற மலைப்பாதையையே எடுத்துக்கொள்ளுங்களேன். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று பலகை இருக்கிறது. மேலே இன்னும் எவ்வளவு என்று குடலைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கும் கணக்குத் தெரியும். இந்தக் கதைகளில் 'பகுதி ஏழு' என்று மட்டும் போடுவார்கள். மொத்தம் எத்தனை என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். அது வேண்டுமென்றே செய்வது. புத்தகமாகப் படிக்கும்போது வலது கைப்பக்கம் மிச்சமிருக்கும் தடிமன் உங்களுக்கு முடிவைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் நூறு பக்கம் இருக்கிறது, இவன் இப்போது சாக மாட்டான் என்று கை சொல்லிவிடும். வார இதழில் அந்தத் தடிமன் கிடையாது.

இதற்கு என்னிடம் உள்ள ஆகச் சிறந்த சாட்சி 1981ல் வந்த ஒரு ட்ரெட் தொடர். 'பிளாக் மேனியா' என்று பெயர். ட்ரெட் வாழ்கிற 'மெகா சிட்டி ஒன்' அமெரிக்கக் கிழக்குக் கரை முழுவதும் பரவிய நகரம், 80 கோடி ஜனம். ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடமும் ஓர் ஊர் மாதிரி. ஒருநாள் பக்கத்துப் பக்கத்துக் கட்டடக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட ஆரம்பிக்கிறார்கள். முதலில் தெருச்சண்டை. எங்கள் கட்டடம்தான் உசத்தி என்று கிழவிகள்கூடக் கையில் கிடைத்ததைத் தூக்குகிறார்கள். படிக்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், அந்தப் பத்திரிகையில் அதுமாதிரிக் கிண்டல் கதைகள் ஏகப்பட்டது வந்திருக்கின்றன. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று அன்றைய வாசகன் நினைத்திருப்பான். மூன்றாம் வாரம் சண்டை பரவுகிறது. நாலாம் வாரம் இன்னும். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டையில் சிக்குகிறது. ஒன்பது வாரம் கழித்துத்தான் முழுதும் விளங்கும்: 'ஈஸ்ட்-மெக் ஒன்' என்ற எதிரி நகரத்தின் உளவாளி தண்ணீரில் மருந்து கலந்திருக்கிறான். நகரம் தன்னைத்தானே அடித்துக்கொண்டு களைத்துக் கிடக்கும்போது மேலே ஏவுகணைகள் வருகின்றன. மறுவாரம் 'அப்போகலிப்ஸ் வார்' தொடங்குகிறது. 1982ல் சுமார் ஆறு மாதம் ஓடிய அந்தப் போரை முழுக்க முழுக்க கார்லோஸ் எஸ்கேரா என்ற ஒரே ஸ்பானிய ஓவியர் வாரா வாரம் வரைந்தார். முடியும்போது நகரத்தில் பாதிப் பேர் இல்லை. 40 கோடி.

இப்போது கடையில் இதை வாங்கினால் இரண்டையும் சேர்த்து ஒரே புத்தகமாகத் தருவார்கள். அட்டையிலேயே யுத்தம் என்று போட்டிருக்கும். கதை அப்படியேதான் இருக்கிறது, ஒரு கட்டம்கூட மாறவில்லை. ஆனால் ஒன்பது வாரம் இது காமெடி என்று நம்பிக்கொண்டிருந்த அந்த ஏமாற்று போய்விட்டது. நீங்கள் முதல் பக்கத்திலேயே போருக்குத் தயாராக உட்கார்ந்திருப்பீர்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. ட்ரெட்டுக்கு நம்மைப் போலவே வயதாகிறது. 1977ல் கதை நடந்தது 2099ல். நமக்கு ஒரு வருஷம் போனால் அங்கும் ஒரு வருஷம். எப்போதும் 122 வருஷ வித்தியாசம். நம் மாயாவிக்கு 1972லிருந்து ஒரு நரைமுடி விழவில்லை, ட்ரெட் இப்போது எண்பது வயதுக் கிழவர். அந்தப் போரின் கடைசியில் ட்ரெட் எதிரி நகரத்தை ஏவுகணையால் துடைத்து அழிக்கிறார். அதில் தப்பிப் பிழைத்தவர்கள் பழி வாங்க வருகிற 'டே ஆஃப் கேயாஸ்' என்ற தொடர் வந்தது 2011ல். நடுவில் கதைக்குள்ளும் 30 வருஷம், வாசகனுக்கும் 30 வருஷம். பள்ளிக்கூடத்தில் முதலாவதைப் படித்தவன், தன் பிள்ளை பள்ளிக்குப் போகும்போது இரண்டாவதைப் படித்திருப்பான்.

அதற்காக வார இதழில் வருவதெல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. ஐந்து பக்கம் கொடுமையான அளவு. நன்றாகச் செய்கிறவர்கள் குறைவு. நல்ல எபிசோட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். முதல் பக்கத்திலேயே எங்கே இருக்கிறோம், யாருக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிடும், வசனமே இல்லாமல்கூட. பக்கத்தைத் திருப்புகிற இடத்தில் ஒரு காரியம் நடக்கும். திருப்பினால்தான் தெரியும் என்கிற மாதிரி அதை இடப்பக்கத்தின் மேல் மூலையில் வைத்திருப்பார்கள். கடைசிக் கட்டத்தில் சென்ற வாரத்துக் கேள்விக்குப் பாதிப் பதிலும் புதிதாக ஒரு கேள்வியும் இருக்கும். மோசமான எபிசோடில் இரண்டு பேர் ஐந்து பக்கமும் நின்று பேசுவார்கள். கடைசிக் கட்டத்தில் யாராவது கதவைத் திறந்து "இதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்" என்பார்கள். என்னத்தைப் பார்ப்பது? புத்தகமாகத் தொகுப்பார்கள் என்பதை மனதில் வைத்தே எழுதுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். வாரக் கணக்கு அவர்களுக்கு வெறும் கத்தரிக்கோல். நீங்கள் வாங்கிய மூன்று இதழ்களில் அப்படி ஒன்று இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. புரியாததற்கு எல்லாத் தடவையும் நீங்கள் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

சமீப வருஷங்களில் வந்தவற்றில் எதைப் பிடித்துக்கொள்வது? ட்ரெட்டில் 2024ல் வந்த 'எ பெட்டர் வேர்ல்ட்'. எழுத்து ராப் வில்லியம்ஸ், ஆர்தர் வையட். ஓவியம் ஹென்றி ஃப்ளின்ட். துரத்தல், வெடி என்று எதிர்பார்த்துப் போனால் நாயகி ஒரு கணக்குப்பிள்ளை. மேட்லண்ட் என்ற ஜட்ஜ், வேலை கணக்குப் பிரிவில். நகரத்தின் ஒரு பகுதியில் மட்டும் போலீசுக்கு ஒதுக்குகிற காசைக் குறைத்துக் கல்விக்கும் ஜனங்களுக்கும் கொடுத்துப் பார்க்கிறார். குற்றம் குறைகிறது. அது யாருக்கெல்லாம் பிடிக்கவில்லை என்பதுதான் கதை. பட்ஜெட் நோட்டை வைத்து இவ்வளவு திகில் கிளப்ப முடியும் என்று நான் நினைத்ததில்லை. வாரா வாரம் படித்தபோது, இது பலித்துவிடுமோ என்று ஒரு நப்பாசை இருந்துகொண்டே இருந்தது. முடிவைச் சொல்ல மாட்டேன்.

'பிரிங்க்' 2016ல் தொடங்கியது, டேன் ஆப்னெட் எழுத, ஐ.என்.ஜே. கல்பார்ட் வரைகிறார். பூமியை விட்டுவிட்டு மனிதர்கள் விண்வெளிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள், பிரிஜெட் கர்டிஸ் என்ற பெண் காவல் அதிகாரி அங்கே ஏதோ ஒரு விபரீத வழிபாட்டுக் கூட்டத்தைத் துப்புத் துலக்குகிறார். இது மெதுவாகக் கசிகிற கதை. இதற்கு மட்டும் என் விதியை நானே மீறுகிறேன்: முதல் தொகுப்பைப் புத்தகமாகப் படித்துவிட்டு வாரத்துக்கு வாருங்கள்.

ஏற்காட்டுக்காரரான உங்களுக்கு 'ஹீலியம்' பிடிக்காவிட்டால்தான் அதிசயம். இயன் எட்ஜின்டன் எழுத்து, டி'இஸ்ரேலி ஓவியம். ஒரு பெரும் யுத்தத்தில் அவிழ்த்துவிட்ட நச்சுப்புகை தாழ்நிலமெல்லாம் படிந்துவிட்டது. மனிதர்கள் அதற்கு மேலே தலை நீட்டிய உயரங்களில் மட்டும் வாழ்கிறார்கள், ஊருக்கு ஊர் போக வான்கப்பல். ஒரு மார்கழிக் காலையில் உங்கள் ஏற்காட்டு 'லேடீஸ் சீட்' காட்சிமுனையில் நின்றிருந்தேன். கீழே சேலம் இல்லை. நகரமும் ஜங்ஷனும் இரும்பாலையும் மொத்தமாக வெள்ளைக்குள் போய்விட்டன. அப்பால் கஞ்சமலையின் முதுகு மட்டும் தீவு மாதிரி மிதந்தது. பக்கத்தில் மிளகாய் பஜ்ஜிக்காரர் எண்ணெய் காயவைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையின் முதல் பக்கத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. சரி, அந்தக் கதைக்கு என்ன ஆனது தெரியுமா? 2015ல் முதல் பாகத்தைச் சரியான இடத்தில் தொங்கவிட்டு நிறுத்தினார்கள். அடுத்த பாகம் ஏழெட்டு வருஷம் வரவில்லை. வாரா வாரம் காத்திருப்பதன் சுகத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நானே அந்த விஷயத்தில் வாய் திறக்க முடியாது.

மூன்று இதழிலும் ஒரே இதழில் முடிகிற குட்டிக் கதை ஏதாவது இருந்ததா பாருங்கள். 'ஃப்யூச்சர் ஷாக்' என்று தலைப்பில் இருக்கும். நாலைந்து பக்கம், கடைசியில் ஒரு திருப்பம். 1977லிருந்து வருகிறது. பின்னாளில் பெரும் பெயர் வாங்கிய காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர், இளம் எழுத்தாளராக இருந்தபோது கை பழகியது இவற்றில்தான். முன்கதை வேண்டாம், அதனால் உங்களுக்கு இப்போதைக்கு அதுதான் வாசல்.

படிக்கிற வரிசையைப் பற்றி ஒன்று. ஒரே கதையை மூன்று இதழிலும் தொடர்ந்து படித்துவிட்டு அடுத்த கதைக்குப் போனேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அது தட்டுவடை செட்டைப் பிரித்து, தட்டையைத் தனியாக, கேரட் பீட்ரூட்டைத் தனியாக, சட்னியை விரலால் தனியாகத் தின்கிற மாதிரி. சேலத்துக்காரர் செய்யக்கூடாத காரியம். ட்ரெட்டின் வறட்டு முகத்துக்கு அடுத்து ஒரு மாயாஜாலக் கதை, அதற்கடுத்து ஒரு சிரிப்பு, பிறகு பயம் என்று அடுக்கியிருக்கிறார் ஆசிரியர். ஒரு கதை தொங்கலில் விட்ட எரிச்சலோடு அடுத்ததற்குள் நுழைவீர்கள், அந்த எரிச்சல் இதில் ருசியாக மாறும். ஒரு இதழை முதலிலிருந்து கடைசிவரை ஒரே இருப்பில் படியுங்கள். அரைமணி நேரம் ஆகாது.

வாங்குவது பற்றி: இதழ் புதன்கிழமைகளில் வருகிறது. காகிதப் பிரதியைத் தபாலில் எதிர்பார்த்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, மலைக்கு இன்னும் தாமதம். பதிப்பாளரின் சொந்த இணையக் கடையிலேயே டிஜிட்டல் பிரதி கிடைக்கிறது. பூட்டு எதுவும் இல்லாத பிடிஎஃப், இறக்கி வைத்துக்கொண்டால் உங்களுடையது. டேப்லெட்டில் பார்ப்பது நல்லது. போனில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிப் படித்தால், நான் மேலே சொன்ன பக்கம் திருப்புகிற வித்தை அத்தனையும் வீண். ட்ரெட்டின் பழைய கதைகள் வேண்டுமென்றால் 'கேஸ் ஃபைல்ஸ்' என்று வரிசைப்படி தொகுத்திருக்கிறார்கள். ஐந்தாம் தொகுதியில் ஆரம்பியுங்கள், நான் சொன்ன கட்டடச் சண்டையும் போரும் அதில்தான் இருக்கின்றன. முதல் தொகுதியில் ஓவியரும் எழுத்தாளரும் இன்னும் பாதை தேடிக்கொண்டிருப்பார்கள், ஆர்வம் வந்த பிறகு பொறுமையாகப் பார்க்கலாம்.

அந்த மூன்று இதழ்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான்காவதையும் ஐந்தாவதையும் வாங்கி, ஆறாவது வாரம் திரும்ப முதலாவதை எடுங்கள். எனக்கு இப்படித்தான் பழகியது. பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கியவை எல்லாமே நடுப்பாகங்கள்தான், சிலவற்றில் கடைசி நாலு பக்கம் பொரி மடிக்கப் போயிருக்கும். பிறகு எழுதுங்கள். ஒன்று மட்டும், இந்த வாரத்து ட்ரெட்டில் என்ன ஆச்சு என்று சொல்லிவிடாதீர்கள். நான் இரண்டு இதழ் பின்னால் இருக்கிறேன்.